பேக் காயிற வரைக்கும்

பேசாதீங்க மேடம், பேசாதீங்க. இப்ப வாயத் தொறந்தா மூஞ்சில போட்ட பேக்குல ஓரமெல்லாம் கீறல் விழுந்துரும். கீறல் விழுந்த எடத்துல பேக் பிடிக்காது, கழுவிப் பாத்தா அங்கிட்டு ஒரு கலரு, இங்கிட்டு ஒரு கலரா இருக்கும். வியாழக்கெழம கல்யாணத்த வச்சுக்கிட்டு அதெல்லாம் தேவையா. ஏதாச்சும் சொல்லணும்னா விரலக் காட்டுங்க. ஆமான்னா ஒரு விரலு, இல்லன்னா ரெண்டு விரலு. எரிஞ்சா மட்டும் கைய நல்லா ஆட்டுங்க. எங்க, ஒருக்கா காட்டுங்க பாப்போம். ஆங், அம்புட்டுத்தான்.

கண்ணுல பஞ்சு சில்லுன்னு இருக்கா? பன்னீர்ல நனைச்சு ஐஸ் பெட்டில வச்சது. அத எடுத்துராதீங்க, கண்ணுக்குக் கீழ இருக்குற கருப்பு அதுலதான் கொறையும். சரியாத் தூங்குறதில்ல போல நீங்க. பஞ்சு இருக்குறதுல எனக்கும் ஒரு வசதி. உங்களுக்கு என் மூஞ்சி தெரியாதுல்ல, அதுக்குக் கொஞ்ச நேரம் லீவு.

சிரிக்காதீங்க, கன்னத்துல வெடிச்சிரும். நெசமாத்தான் சொல்றேன். எங்க விஜயம் மேடம் மொத நாளே சொல்லிட்டாங்க. வேணி, கஸ்டமர் கண்ணாடில தன் மூஞ்சியப் பாக்கமாட்டா, உன் மூஞ்சியத்தான் பாப்பா, நீ ஒரு சுளி சுளிச்சா தன் மூஞ்சில என்னமோ கோளாறுன்னு நெனச்சுக்குவா, அதனால உனக்குக் கோவமோ அழுகையோ எது வந்தாலும் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வரணும்னு. கை வேலையக் கூடக் கத்துக்கிட்டேன். இத மட்டும் இன்னும் முழுசாக் கத்துக்கல.

எங்க மேடம் வர்றவங்க எல்லாத்தையும் மேடம்னு தான் கூப்புடச் சொல்லிருக்காங்க. உங்கள வர்ஷினின்னு கூப்புடட்டுமா? ஒரு விரலு. சரி, சந்தோசம்.

உங்க அம்மா புதுமண்டபத்துல ஜாக்கெட்டு வாங்கிட்டு வர எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். அந்தத் தையக்காரங்க என்னைக்குச் சொன்ன நேரத்துக்குக் குடுத்திருக்காங்க. எங்க மேடமும் டி. கல்லுப்பட்டில ஒரு பொண்ணுக்கு அலங்காரம் பண்ணப் போயிட்டாங்க. வேணி நல்லாப் பண்ணுவா, பயப்படாதீங்கன்னு உங்க அம்மாட்ட போன்ல சொன்னாங்கள்ல, அது எனக்கும் சேத்துச் சொன்னது. ஏன்னா கல்யாணப் பொண்ணுக்கு நான் தனியாக் கை வைக்கிறது இதான் மொதத் தடவ. ஐயோ, கைய இறுக்காதீங்க. நல்லாத்தான் வந்திருக்கு.

இன்னைக்கு உங்க மூஞ்சி நல்லா வந்துச்சுன்னா என்னய நெரந்தரமா வச்சுக்கறேன்னு சொல்லிருக்காங்க. மாடில சாமான் போட்டு வச்சிருக்குற ரூமையும் ஒழிச்சுத் தாரேன்னாங்க. இப்ப அண்ணன் வீட்டுல இருக்கேன், கீழவாசல் பக்கம். அண்ணி ஒன்னும் மோசமில்ல. நான் ரெண்டாவது தடவ சோறு போட்டா மட்டும் கரண்டியப் பாக்கும். அதுக்கு மேல ஒன்னும் சொல்லாது. எனக்கு அந்த ரூமு வேணுங்க. கதவச் சாத்திட்டு நானா ஒரு டீயப் போட்டுக் குடிக்கணும், வேற பெரிய ஆசையெல்லாம் கெடையாது.

மேடத்துக்கு ரெண்டே கண்டிசன். கஸ்டமர்கிட்ட சொந்தக் கதை பேசக்கூடாது. கல்யாணப் பொண்ணுககிட்ட கல்யாணத்தப் பத்தி வாயே தொறக்கக்கூடாது. இப்ப நான் அந்த ரெண்டையும்தான் பண்ணப் போறேன். வெளிய எங்க வேலைக்கார தங்கப்பொண்ணு அக்கா வாசலக் கூட்டிக்கிட்டு இருக்கு. அதுக்குக் கேட்டா ஒரு வார்த்த விடாம மேடத்துட்ட ஒப்பிச்சிரும். அதான் மெதுவாப் பேசுறேன்.

உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும் வர்ஷினி. போன வாரத்துல இருந்து சொல்லவா வேணாமான்னு கெடந்து அல்லாடுறேன். சொன்னா எனக்கு வேல போயிரும். சொல்லாட்டி எனக்கு ஒன்னும் ஆகாது. உங்களுக்குத்தான். பதறாதீங்க, பதறாதீங்க, மூஞ்சில ஒன்னும் இல்ல. மூஞ்சிய ஒன்னும் கெடுத்து வைக்கல நான். இது வேற. எந்திரிச்சுப் போகணும்னாப் போயிருங்க, நான் ஒன்னும் பிடிச்சு வைக்கல. இருக்கீங்களா? சரி. நேராச் சொல்ல எனக்கு வராது. என் வாயி சுத்தித்தான் வரும், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து இன்னும் ஒரு வருசம் முழுசா ஆகல. முப்பத்திநாலு வயசுல வந்தேன். கூடக் கோர்ஸ் படிச்சதெல்லாம் பிளஸ் டூ முடிச்ச புள்ளைக. ஆன்ட்டி ஆன்ட்டின்னுதான் கூப்புடும். அதுக புருவம் எடுக்க நூலப் பல்லுல கடிச்சு இழுத்தா முடி சர்ருன்னு வருது, நான் இழுத்தா நூலு அந்து போகுது. வீட்டுல உக்காந்து என் முழங்கால்லயே இழுத்து இழுத்துப் பழகுனேன். முழங்காலு தடிச்சுப் போயி அண்ணி பாத்துட்டு, என்ன சொறியா, ஒட்டிக்கப் போகுது, தனியாப் படுன்னுச்சு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு. இந்த வயசுல போயி ஆனா ஆவன்னா படிக்க உக்காந்திருக்கமேன்னு தெனமும் பஸ்ல வரும்போது நெனப்பேன். இந்த ஸ்டாப்புல எறங்காம அப்படியே போயிருவமான்னு தோணும். ஆனா எங்கிட்டுப் போக.

இங்க வந்ததும் மொத மொத ஒரு டீச்சருக்கு மசாஜ் பண்ணச் சொன்னாங்க. கன்னத்துல கை வச்சு நாலு இழுப்பு இழுத்திருப்பேன், அவங்க அப்படியே தூங்கிட்டாங்க. என் கைய நம்பி ஒரு மனுஷி தூங்குதுன்னு நெனச்சேன் பாருங்க, எனக்குப் பொலபொலன்னு வந்துருச்சு. ஒரு சொட்டு அவங்க நெத்தியிலயே விழுந்துருச்சு. முழிச்சுப் பாத்து என்னதுன்னு கேக்குறாங்க. எங்க மேடம் பின்னாடி இருந்து, ஸ்டீமர்ல தெறிச்சிருக்கும் டீச்சர்னு சமாளிச்சு விட்டாங்க. பெறகு என்னயத் தனியாக் கூட்டிட்டுப் போயி, ஏண்டி, இது என்ன எழவு வீடான்னு கிழிச்சுட்டாங்க. கிழிச்சுட்டு ஒரு வித்தையும் சொல்லிக் குடுத்தாங்க. அழுகை வந்தா நாக்க மேல அண்ணத்துல ஒட்டி அழுத்திக்கணுமாம். அழுத்துனா கண்ணுல தண்ணி நிக்குமாம். நிக்குதுங்க, நெசமாவே நிக்குது. இன்னைக்குக் காலைல இருந்து என் நாக்கு அங்கதான் இருக்கு.

போச்சு, கரண்டு போயிருச்சு. இந்த நேரத்துக்கு டான்னு எடுத்துருவான். இன்வெர்ட்டர்ல லைட்டு மட்டும்தான் எரியும், பேன் ஓடாது. விசிறட்டுமா? விசிறி விடுறேன், இருங்க. காத்து இல்லாம பேக் காய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ஆகட்டும், எனக்கும் பேச நேரம் வேணும்.

எங்க விட்டேன்? ஆங், அழுகை. அழுகையவாச்சும் நாக்க வச்சு நிறுத்திரலாம். கோவத்துக்கு அப்படி ஒன்னும் இல்ல. ஒருத்தவங்க காலத் தூக்கி என் மடில வச்சுக்கிட்டே போன்ல, இங்க ஒரு புதுசு மாட்டிருக்கு, அதப் பழக்கிக்கிட்டு இருக்கேன்னு பேசுனாங்க. நான் நெகத்த வெட்டிக்கிட்டு இருக்கேன். கைல கட்டர் இருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு, சரி விடுங்க. அன்னைக்கு அவங்க காலு அம்புட்டு அழகா வந்துச்சு, அதான் வேடிக்க. கோவத்துல எனக்குக் கை நடுங்காது. துக்கத்துல தான் நடுங்கும்.

போன வாரம் நீங்களே பாத்தீங்களே. அம்மாவும் நீங்களும் நிச்சயதார்த்த ஆல்பத்தத் தூக்கிக்கிட்டு வந்து, இந்த மாதிரி கொண்டை வேணாம், வேற மாதிரி வேணும்னு கேக்க அந்த சோபாவுல உக்காந்திருந்தீங்க. நான் பேங்க் மேடத்துக்குப் புருவம் எடுத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு நூலு வழுக்கிப் பாதிப் புருவம் போயிருச்சு. அந்தம்மா கண்ணாடியப் பாத்துட்டுப் போட்ட சத்தத்துல நீங்க கூட எந்திரிச்சு நின்னுட்டீங்க. பென்சில்ல வரைஞ்சு அனுப்புனோம். இன்னும் மூனு மாசத்துக்கு அவங்க தெனமும் காலைல வரையணும், பாவம். எங்க மேடம் அன்னைக்கே என்னயப் போடின்னு சொல்லிருக்கணும். சொல்லல. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீயாவே போயிருன்னு மட்டும் சொன்னாங்க. கவனம் எங்க இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வீடு இருந்துச்சு, ஒரு வீட்டுக்காரரு இருந்தாரு, அதச் சொல்லணும்.

அடிச்சாரான்னு தான் எல்லாரும் மொதல்ல கேப்பாங்க. அடிக்கலங்க. ஒரு நா கூடக் கை நீட்டல. குடிக்கமாட்டாரு, வெத்தல பாக்குக் கூடக் கெடையாது. தெருவுல யாருக்கு ஆஸ்பத்திரின்னாலும் அவரு வண்டி தான் முன்னாடி நிக்கும். கப்பலூர்ல ஒரு கம்பெனில சூப்பர்வைசர். ஏங்க, கைய ஏன் இப்படி இறுக்குறீங்க? கப்பலூர்ல எம்புட்டுக் கம்பெனி இருக்கு, எம்புட்டு சூப்பர்வைசர் இருக்காங்க. கேளுங்க.

அவருக்குக் கோவம் வந்தா பேசமாட்டாரு. அம்புட்டுத்தான் அவரு குத்தம். சொல்லிப் பாத்தா ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும். என் அண்ணனே கேட்டான், பேசாம இருக்குறதெல்லாம் ஒரு கொறையா, என் பொண்டாட்டி ஒரு நாளாச்சும் பேசாம இருக்க மாட்டாளான்னு நான் ஏங்குறேன்னு சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க.

ஆனா அது அப்படி இல்லங்க. பேசாம இருக்குறது வேற, பேசுறத நிறுத்துறது வேற. நான் பால்காரரு சொன்னதுக்குச் சத்தமாச் சிரிச்சுட்டேன்னு ஒரு தடவ நிறுத்துனாரு. அவரு அம்மா கூடப் பேசிக்கிட்டு இருக்கும்போது குறுக்க பேசிட்டேன்னு ஒரு தடவ. எதுக்குன்னு சொல்லவே மாட்டாரு, அதத்தான் நம்ம கண்டுபிடிக்கணும். காலைல இருந்து என்னென்ன செஞ்சோம், எதுல தப்புன்னு ஒவ்வொன்னா எடுத்துப் பாக்கணும். கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேட்டாலும், அது சரியான தப்பா இல்லாட்டி ஏத்துக்க மாட்டாரு. தண்ணி வேணும்னா டம்ளரத் தூக்கிக் காட்டுவாரு. சட்டையில பட்டன் போயிருந்தா அந்தச் சட்டைய என் மேல போட்டுட்டுப் போவாரு. வெளில வாசல் கேட்டுல நின்னு பக்கத்து வீட்டு சாரோட சத்தம் போட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பாரு, நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன், அப்பாடா, மனசு மாறிடுச்சு போலன்னு வாசலுக்கு வருவேன். கேட்டச் சாத்துனதும் மூஞ்சி அணைஞ்சு போயிரும். ஒரு வருசம் தீபாவளியன்னைக்கு நின்ன பேச்சு மாட்டுப் பொங்கலுக்குத்தான் திரும்ப வந்துச்சு. சாம்பார்ல உப்பு இல்லன்னாரு. நான் சந்தோசத்துல அழுதுட்டேன். உப்பு இல்லன்னு சொன்னதுக்கு அழுதிருக்கேன் வர்ஷினி, அந்த மாதிரி ஆகிப் போயிருந்தேன்.

பெறகு நான் குக்கருகூடப் பேச ஆரம்பிச்சேன். விசில் வரட்டும், இருடி, அவசரப்படாதன்னு. துணி காயப் போடும்போது துணிகூட. வாய் இருக்குல்ல, அது எங்கயாச்சும் பேசணும்ல. அத அவங்க அம்மா பாத்துட்டு நாலு பேருகிட்ட, மருமவ தனியாப் பேசுறா, என்னமோ புத்தி சரியில்லன்னு சொல்லிருச்சு. அவரு அதுக்கும் ஒன்னும் சொல்லல.

எங்க அப்பா தவறிட்டாருன்னு போன் வந்தப்போ அவரு பேசாம இருந்த நேரம். நான் போன வச்சுட்டு, ஏங்க, அப்பா போயிட்டாருன்னு சொன்னேன். பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சாரு, சட்டைய மாட்டுனாரு, வண்டிய எடுத்தாரு. நான் பின்னாடி உக்காந்து போனேன். வழி நெடுக ஒரு வார்த்த இல்ல. எழவு வீட்டுல எறங்குனதும் எங்க அண்ணனக் கட்டிப் பிடிச்சு அப்படி அழுதாரு. எங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, நான் இருக்கேன் அத்தன்னாரு. பந்தல்காரரு கிட்டப் பேசுனாரு, பூக்காரரு கிட்டப் பேசுனாரு, காடு வரைக்கும் போயிட்டு வந்தாரு. இந்த மாதிரி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கெடைக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கிட்ட மட்டும் பேசல. நான் அவரு முன்னாடி போயி நிக்கிறேன், என்னயத் தாண்டிக்கிட்டுப் பாக்குறாரு. பதினாறாம் நாள் முடிஞ்சு அவரு வண்டிய எடுத்தப்போ நான் ஏறல. ஏன் வரலன்னு அன்னைக்காச்சும் ஒரு வார்த்த கேப்பாருன்னு பாத்தேன். வண்டி போயிருச்சு. அப்பறம் வக்கீலு, கோர்ட்டு, கேட்ட எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். அங்கயும் ஜட்ஜம்மாட்ட நல்லாத்தான் பேசுனாரு.

இப்ப உங்ககிட்ட ஒன்னு கேக்குறேன், விரலக் காட்டுனாப் போதும். உங்க மாப்பிள்ளை தெனமும் போன் பண்ணுவாராமே, நல்லாப் பேசுவாராமே, அம்மா சொன்னாங்க. நிச்சயத்துக்கு அப்பறம், நடுவுல கொஞ்ச நாளு போனே வராம இருந்துச்சா?

ஒரு விரலு.

நீங்க போன் போட்டாலும் எடுக்கல. சரி. ஏன்னு கேட்டீங்களா? சொன்னாரா? ரெண்டு விரலு. அப்பறம் நீங்களா ஸாரி சொன்ன பெறகு எடுத்தாரா? ம். எதுக்கு ஸாரின்னு உங்களுக்குத் தெரியுமா வர்ஷினி?

தெரியாது. சரி, சரி. கைய நான் பிடிச்சுக்கறேன். அழுகாதீங்க, பஞ்சுக்குக் கீழ வழியுது. நாக்க மேல ஒட்டிக்கங்க. ம், அப்படித்தான், அழுத்துங்க. கீறல் விழுந்தா விழட்டும், இன்னொரு கோட்டிங் போட்டுக்கலாம்.

நானும் எம்மனசக் கேட்டுப் பாத்தேங்க. ஏண்டி, உனக்குப் பொறாமையாடின்னு கேட்டேன். நல்லா வாழப்போற புள்ளையப் பாத்து உனக்கு வயிறு எரியுதான்னு கேட்டேன். மொத நாளு எரிஞ்சுச்சு. பொய் சொல்ல மாட்டேன். உங்க மேல இல்ல, அந்த ஆல்பத்து மேல. அதுல அவரு சிரிக்கிறாரு பாருங்க, பல்லு தெரிய. அப்பறம் அது அடங்கிருச்சு. அடங்குன பெறகும் சொல்லணும்னே தோணிக்கிட்டு இருந்துச்சு, அதான் இது பொறாமை இல்லன்னு நெனச்சேன். நீங்க பொறாமைன்னே நெனச்சாலும் தப்பில்ல. நானா இருந்தா அப்படித்தான் நெனப்பேன். நான் உங்கள இதச் செய்யுங்க, அதச் செய்யுங்கன்னு சொல்லல. பத்திரிகை குடுத்தாச்சு, மண்டபம் பிடிச்சாச்சு, எனக்குத் தெரியாதா. என்ன செய்யணும்னு உங்களுக்குத் தோணுதோ அதச் செய்யுங்க. ஆனா தெரிஞ்சு செய்யுங்க. எங்கிட்ட யாரும் சொல்லல, அதான்.

அன்னைக்கு நூலு ஏன் வழுக்குச்சுன்னு சொல்லிடறேன்.

நீங்களும் அம்மாவும் சோபாவுல உக்காந்து சௌராஷ்ட்ரால பேசிக்கிட்டீங்கள்ல. பக்கத்துல நிக்கிறவளுக்கு என்ன வெளங்கப் போகுதுன்னு மெதுவாக் கூடப் பேசல. அது தப்பில்ல, நம்ம ஆளுக எல்லாருமே செய்யிறதுதான். பஸ்ல, கடையில, கோயில்லன்னு எல்லா எடத்துலயும் நம்ம பாஷையில எதுனாலும் பேசிட்டுப் போயிருவோம். ஆமா, நம்ம பாஷைன்னு தான் சொன்னேன். எங்க வீட்டுலயும் அதான் பேசுவோம். நீங்க சேலத்துல இருந்து இப்பத்தான் வந்தவங்க, எங்கள உங்களுக்குத் தெரியாது. மேடம் இங்க எல்லார்கிட்டயும் தமிழ்லதான் பேசணும்னு சொல்லிருக்காங்க, அதனால நானும் சொல்லிக்கல.

நீங்க கேட்டீங்க, ரெண்டாந்தாரமா போறோமேன்னு ஒரு மாதிரியா இருக்கும்மா, அந்த அக்கா மனசு என்ன நெனைக்கும்னு. அம்மா சொன்னாங்க, செத்துப்போனவ என்னடி நெனைக்கப் போறா, காய்ச்சல்ல ரெண்டே நாள்ல போயிட்டாளாம், பாவம், புள்ள குட்டி எதுவும் இல்ல, உனக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுதுன்னு. மாப்பிள்ளை வீட்டுல மூத்தவ போட்டோவக் கேட்டதுக்கு, பையன் பாத்துப் பாத்து அழுவுறான்னு எல்லாத்தையும் எரிச்சுட்டோம்னு சொன்னாங்களாமே. நான் நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வாயத் தொறக்க முடியல. நாக்க அண்ணத்துல ஒட்டக் கூட முடியல, நூலு இருக்கு.

அப்பறம் அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி மூத்தவளுக்குச் சேலை வச்சுக் கும்புடணும், அப்பத்தான் அவ குறுக்க வரமாட்டா, அவங்க வீட்டுலயும் சரின்னுட்டாங்க, பேரச் சொல்லிப் படைக்கணும்னு கேட்டு வாங்கி வச்சிருக்கேன், ஹம்சவேணின்னு பேராம்னாங்க. ஏதாச்சும் ஒரு சாதாச் சேலை போதும்னாங்க. நீங்கதான், இல்லம்மா, நல்ல சேலையா எடுப்போம், சின்ன வயசுல போயிருக்காங்க, நல்ல கலரு கட்டணும்னு அவங்களுக்கும் ஆசை இருந்திருக்கும்லன்னு சொன்னீங்க. மாம்பழக் கலரு எடுப்போம்னீங்க. யாரு எவன்னு தெரியாத ஒருத்திக்கு. அந்த நேரத்துலதான் நூலு வழுக்குச்சு. அத்தன வருசத்துல அந்த வீட்டுல எனக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க அப்படிச் சொன்னதுனால தான் இம்புட்டும் பேசுறேன். இல்லாட்டி வாய மூடிக்கிட்டு, நல்லா மினுங்க வச்சு அனுப்பிட்டு, அந்த ரூம வாங்கிக்கிட்டுப் படுத்திருப்பேன்.

ஆட்டோ நிக்கிது. உங்க அம்மாதான் போல, தங்கப்பொண்ணு அக்கா யாரையோ வாங்கங்குது. நல்லாக் காஞ்சிருச்சு, கழுவிரலாம். பஞ்ச எடுக்குறேன், கண்ணு கூசும், மெதுவாத் தொறங்க.

நாளைக்கழிச்சு அந்தச் சேலைய வச்சுக் கும்புட்டுறாதீங்க வர்ஷினி. மேடம்தான் சுருக்கமா வேணின்னு கூப்புடுறாங்க, எங்க அப்பா வச்ச பேரு ஹம்சவேணி. தலையக் கொஞ்சம் பின்னாடி சாய்ங்க, தண்ணி கழுத்துக்குள்ள போயிரும்.